இருநூற்றொரு இலக்க எண்ணும் அதன் மூலமும்

பெங்களூரில் 1929-ஆம் ஆண்டு பிறந்த சகுந்தலா தேவி அம்மையாரிடம், 1977-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் எண் அளிக்கப்பட்டது. அது 201 இலக்கங்களைக் கொண்டது. பத்துப் பத்து இலக்கங்களாகப் பிரித்து எழுதினால் அவ்வெண் பின்வருமாறு அமையும்:

9167486769 2003915809 8660927585 3801624831
0668014430 8622407126 5164279346 5704086709
6593279205 7674808067 9002278301 6354924852
3803357453 1693511190 3596577547 3400756816
8830562082 1016129132 8455648057 8015880677 1

இதன் 23-ஆம் மூலத்தைக் காணுமாறு அவரிடம் கேட்கப்பட்டது. அதாவது, எந்த முழு எண்ணை 23 முறை எழுதித் தம்முள் பெருக்கினால் இவ்வெண் கிடைக்குமோ, அந்த எண்ணைக் கூறவேண்டும். அம்மையார் 50 விநாடிகளில் 546372891 என்று விடை பகர்ந்தார். யூனிவாக் வகையைச் சேர்ந்த மின் கணிப்பொறி ஒன்றைக் கொண்டு விடை சரிபார்க்கப்பட்டது. அதற்கெனத் தனி நிரல் எழுத வேண்டியிருந்தது.

இந்நிகழ்ச்சி உலகெங்கும் பேசப்பட்டது. பேசியவர்களில் பெரும்பாலோர் எண்ணின் நீளத்தைக் கண்டே வியந்தனர். அந்த வியப்பு இயல்பானதே. ஆயினும் அது தவறான இடத்தில் நிலைகொண்டது. 201 இலக்கங்கள் உள்ளமையால் கணக்கு கடினமாயிற்று என்று எண்ணுவது பொருந்தாது. அவ்விலக்கங்களுள் மிகச் சிலவே விடையைத் தீர்மானிக்கின்றன. அது எவ்வாறு என்பதை எண்ணின் அமைப்பைக் கொண்டே அறியலாம். இங்கு விளக்கப்படும் வழி அவ்வமைப்பிலிருந்து பெறப்படுவது; அம்மையாரின் மனத்தில் நிகழ்ந்ததும் இதுவே என்று கொள்ள வேண்டுவதில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கைக் காண்போர்க்கு வழி எளிதில் விளங்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1988-இல் ஆர்தர் ஜென்சன் என்னும் உளவியல் பேராசிரியர் சகுந்தலா தேவியைச் சோதித்தபோது கொடுத்த கணக்குகளுள் ஒன்று, 6,16,29,875 என்பதன் கனமூலம் யாது என்பது. பேராசிரியர் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதற்குள் 395 என்று பதில் வந்துவிட்டது. இவ்வெண் 5-இல் முடிகிறது. கனம் 5-இல் முடியவேண்டுமாயின் மூலமும் 5-இல் முடிய வேண்டும். இனி, இறுதி ஆறு இலக்கங்களை விலக்கினால் முன்னே நிற்பது 61. அது 3-இன் கனமாகிய 27-க்கும் 4-இன் கனமாகிய 64-க்கும் இடைப்பட்டது. ஆகவே விடை மூன்று இலக்கங்களைக் கொண்டு, 3-இல் தொடங்கி 5-இல் முடிவது. எஞ்சுவது நடு இலக்கம் ஒன்றே. 61 என்பது 64-ஐ மிக நெருங்கி நிற்பதால் நடு இலக்கம் 9 எனத் துணியலாம். 385-இன் கனம் 5,70,66,625 மட்டுமே. எட்டு இலக்க எண்ணில் நடுவிலுள்ள இலக்கங்களைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

எண்ணின் தலைப்பகுதி விடையின் தலைப்பகுதியையும், எண்ணின் வால்பகுதி விடையின் வால்பகுதியையும் தருகின்றன. பெங்களூரிலிருந்து ஓசூர்ச் சாலையில் சென்று, சந்தாபுரத்தில் திரும்பி, ஆனேக்கலில் ஒரு வீட்டைத் தேடிச் செல்பவரை எண்ணிப் பார்க்கலாம். சாலையோரக் கற்கள் அவரை ஊரின் எல்லைவரை கொண்டு சேர்க்கும். எந்த வீடு என்று அவை கூறமாட்டா. கதவு எண் வீட்டைக் கூறும்; ஆனால் 91-ஆம் எண்ணுள்ள கதவு வழியிலுள்ள ஊர்களிலெல்லாம் இருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தாலன்றி வீடு கிட்டாது. இரண்டும் சேர்ந்துவிட்டால் வழியிலுள்ள மற்ற வீடுகளைப் பற்றி அவர் அறிய வேண்டுவதில்லை.

டல்லாஸ் எண்ணிலும் இவ்வாறே. முதலாவதாக, இலக்கங்களை எண்ணியதுமே பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. ஒரு முழு எண்ணின் 23-ஆம் படி சரியாக 201 இலக்கங்களைக் கொண்டிருக்க வேண்டுமாயின், அந்த எண் ஏறத்தாழ 49 கோடியே 62 லட்சத்துக்கும் 54 கோடியே 84 லட்சத்துக்கும் இடைப்பட்டதாகவே இருக்கவேண்டும். இதனிற் சிறியதன் படி 200 இலக்கங்களோடு நின்றுவிடும். பெரியதன் படி 202-ஐ எட்டிவிடும். 201 இலக்க எண்கள் மொத்தம் எத்தனை என்றால், 9-க்குப் பின் 200 பூஜ்யங்களை இட்டு எழுதவேண்டும். அவற்றுள் 23-ஆம் மூலம் முழு எண்ணாக வருபவை சுமார் 5 கோடியே 22 லட்சம் மட்டுமே. எண்ணற்ற மணல்துகள்களுக்கு இடையே எங்கோ ஒன்றாக இவை சிதறிக் கிடக்கின்றன. கொடுக்கப்பட்ட எண் இவற்றுள் ஒன்று என்னும் உறுதிமொழி கணக்கிலேயே அடங்கியிருந்தது. வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடித்தது அவ்வுறுதிமொழியே எனலாம்.

அடுத்து, எண்ணின் தலை. இங்கு உதவுவது லாகரிதம் எனப்படும் மடக்கை. 9.1674867 என்பதன் மடக்கை 0.96225, அதன் பின் 200 இலக்கங்கள் இருப்பதால் முழு எண்ணின் மடக்கை 200.96225. இதனை 23-ஆல் வகுத்தால் 8.7374891 கிடைக்கும். இம்மடக்கைக்குரிய எண் ஏறத்தாழ 54,63,72,900. ஏழு இலக்க மடக்கை அட்டவணையைக் கையாளப் பழகிய கல்லூரி மாணவர் எவரும் தாளில் இதனைச் செய்யலாம். இதில் ஒரு வசதியும் உண்டு. 23-ஆல் வகுக்கும்போது, தொடக்கத்தில் இருந்த பிழையும் 23-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எண்ணின் முதல் மூன்று இலக்கங்களாகிய 916 மட்டும் தெரிந்தால், மூலம் இருக்கக்கூடிய இடைவெளி சுமார் 26,000 அகலமுடையது. முதல் ஐந்து இலக்கங்கள், அதாவது 91674, தெரிந்தால் அது 260 அளவிற்குக் குறைகிறது: மூலம் 54,63,72,666-க்கும் 54,63,72,925-க்கும் இடையில் எங்கோ உள்ளது.

இனி எண்ணின் வால். ஒற்றை இலக்க எண்களின் கனங்கள் 1, 8, 7, 4, 5, 6, 3, 2, 9 என முடியும். ஒன்றுபோல் மற்றொன்று முடிவதில்லை. படியை நான்கு நான்காக உயர்த்தினால் இறுதி இலக்கம் மாறுவதில்லை. ஆகையால் 3-ஆம் படிக்குரிய இதே வரிசை 7, 11, 15, 19, 23 ஆகிய படிகளுக்கும் பொருந்தும். டல்லாஸ் எண் 1-இல் முடிவதால் மூலமும் 1-இல் முடியவேண்டும்.

இறுதிக்கு முந்தைய இலக்கத்தைக் காண மூன்றாம் வாய்பாடே போதும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். a1 என முடியும் எண்ணை, a பத்துகளும் ஒன்றும் சேர்ந்தது என எழுதி 23-ஆம் படிக்கு உயர்த்தினால், அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் 230a + 1 என்பதன் கடைசி இரண்டு இலக்கங்களாகவே இருக்கும். பிற உறுப்புகள் யாவும் நூறின் மடங்குகள். அஃதாவது 30a + 1 என்பது 71-இல் முடியவேண்டும். 3a என்பது 7-இல் முடியவேண்டும். மூன்றாம் வாய்பாட்டில் 7-இல் முடிவது 27 ஒன்றே. எனவே a = 9. மூலத்தின் வால் 91 என்று ஆயிற்று. நூறாம் இடத்து இலக்கத்தை b எனக் கொண்டு இதே முறையைத் தொடர்ந்தால், 91-இன் 23-ஆம் படி 371 என முடிவதால், 371-உடன் 300b கூட்டியது 771 என முடியவேண்டும். 3b என்பது 4-இல் முடியவேண்டும்; 24-இல் முடிகிறது; b = 8. மூலத்தின் வால் 891.

54,63,72,666-க்கும் 54,63,72,925-க்கும் இடையில் 891 என முடியும் எண் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது 54,63,72,891.

முன்னே ஐந்து இலக்கங்கள், பின்னே மூன்று. 201-இல் எட்டு இலக்கங்களே பயன்பட்டன. இடையிலுள்ள 193 இலக்கங்களை எவரேனும் அழித்துவிட்டிருந்தாலும் விடை மாறியிராது. கணிப்பொறி இந்த விடையைச் சரிபார்க்க 62 விநாடிகள் எடுத்துக்கொண்டது என்றும், ஆகவே மனித மூளை யந்திரத்தை வென்றது என்றும் அக்காலத்தில் செய்திகள் வெளிவந்தன. இரண்டும் ஒரே வேலையைச் செய்தனவாகக் கொள்வது சரியன்று. விடையைக் காண எட்டு இலக்கங்கள் போதும். விடை சரியென்று ஐயமற நிறுவ 201 இலக்கங்களும் வேண்டும். யந்திரத்தின் தலையில் விழுந்தது இரண்டாவது வேலை.

23 என்னும் படி தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று என்பதும் இப்போது விளங்கும். அதற்குப் பதிலாக 24-ஆம் படி எடுக்கப்பட்டிருந்தால், 1, 3, 7, 9 ஆகிய எவ்விலக்கத்தில் மூலம் முடிந்தாலும் படி 1-இலேயே முடிந்திருக்கும். வாலைப் பார்த்து ஒன்றும் அறிய இயலாது. 25-ஆம் படியாயின் கடைசி இலக்கம் கிடைக்கும். ஆனால் பத்தாம் இடத்து இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. 10-உடன் பொதுக் காரணி இல்லாத படிகளே மனக்கணக்கு வல்லார்க்கு நண்பர்கள். புகழ்பெற்ற மூலக்கணக்குகளில் 13, 23, 73 ஆகிய படிகள் மீண்டும் மீண்டும் தோன்றுவதன் காரணமும் இதுவே.

73-ஆம் மூலத்தைக் கண்டவர் வில்லெம் கிளைன் என்னும் டச்சுக்காரர். ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமாகிய செர்னில் கணக்கிடுபவராகவே பணியாற்றிய அவர், 1976 ஆகஸ்டு 27 அன்று 500 இலக்க எண் ஒன்றின் 73-ஆம் மூலத்தை 2 நிமிடம் 43 விநாடிகளில் கூறினார். 500 இலக்கம் என்பது 201-ஐக் காட்டிலும் அச்சுறுத்துவதாகத் தோன்றும். ஆனால் அதன் மூலம் ஏழே இலக்கங்களைக் கொண்டது. 68 லட்சத்து 49 ஆயிரத்துக்கும் 70 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் இடைப்பட்டது. தேடவேண்டிய எண்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 20 ஆயிரம் மட்டுமே. சகுந்தலா தேவி எதிர்கொண்டதோ 5 கோடிக்கு மேல். இதற்கு நேர்மாறாக, 2007 டிசம்பரில் அலெக்ஸி லெமேர் என்னும் பிரெஞ்சுக்காரர் இலண்டன் அறிவியல் காட்சிசாலையில் 200 இலக்க எண் ஒன்றின் 13-ஆம் மூலத்தை ஏறத்தாழ 70 விநாடிகளில் கண்டார். எண் டல்லாஸ் எண்ணைவிட ஓர் இலக்கம் குறைந்ததே. ஆனால் மூலம் 16 இலக்கங்களைக் கொண்டது. தேடவேண்டிய எண்கள் ஏறத்தாழ நான்கு கோடி கோடி. ஆகவே இத்தகைய கணக்கின் கடினத்தை அளக்க விரும்புவோர், பலகையில் எழுதப்பட்ட எண்ணை விடுத்து விடையின் இலக்கங்களையே எண்ணவேண்டும். பலகையை நிறைக்கும் எண் காண்போரின் கண்களுக்காக ஏற்பட்டது.

இவையெல்லாம் மூலம் முழு எண்ணாக இருக்கும் என்னும் உறுதி உள்ளபோது மட்டுமே பொருந்தும். கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபடீயம் வர்க்கமூலமும் கனமூலமும் காணக் கூறும் முறை, இலக்கம் இலக்கமாக முன்னேறுவது. அதற்கு அவ்வுறுதி தேவையில்லை. பொதுக் கணக்கிற்கு ஏற்ற வழி அதுவே; வேகத்தை விரும்புவோர்க்கு ஏற்றதன்று.

டல்லாஸ் எண்ணின் மூலத்தை மீண்டும் ஒருமுறை நோக்குவது நன்று: 5, 4, 6, 3, 7, 2, 8, 9, 1. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்கள் யாவும் ஒவ்வொரு முறை வந்துள்ளன, பூஜ்யம் இல்லை. ஒன்பது இலக்க எண்கள் 90 கோடி உள்ளன. அவற்றுள் இவ்வகையானவை 3,62,880. அதாவது 2,480-க்கு ஒன்று. கணக்கை அமைத்தவர் மூலத்தை வேண்டுமென்றே இவ்வாறு கோத்திருக்கவேண்டும் என்று கருதுவதே பொருத்தம். இவ்விலக்கங்களின் கூட்டுத்தொகை 45 ஆதலால் மூலம் 9-ஆல் வகுபடும். உண்மையில் அது 27 × 2,02,36,033. இதனால் 201 இலக்க எண் 3-இன் 69-ஆம் படியால் மீதியின்றி வகுபடுகிறது. வாசகர் விரும்பினால் மேலே அச்சிடப்பட்ட 201 இலக்கங்களையும் கூட்டிப் பார்க்கலாம். கூட்டுத்தொகை 882 வரவேண்டும்; அது 98 × 9. அச்சுப்பிழை ஏதேனும் நேர்ந்திருப்பின், பெரும்பாலும் இச்சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும்.

அப்படியாயின் அம்மையாரின் ஆற்றல் குறைந்ததா என்னும் கேள்வி எழும். வழி தெரிந்திருப்பது வேறு. ஒன்பது இலக்கம் வரை சரியான மடக்கைக் கணக்கைத் தாளும் அட்டவணையும் இன்றி 50 விநாடிகளில் முடிப்பது வேறு. மேலே கண்ட வழியைத் தெரிந்துகொண்ட ஒருவர் எழுதுகோலுடன் அமர்ந்தாலும் அரைமணி நேரம் ஆகலாம். ஜென்சன் தம் சோதனைகளின் முடிவை 1990-இல் வெளியிட்டார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய செயல்களில் சகுந்தலா தேவியின் வேகம் பிறருடைய வேகத்திலிருந்து பெரிதும் வேறுபடவில்லை என்று அவர் கண்டார். ஆகவே நரம்புகளின் வேகம் இங்குக் காரணமாகாது. சர்க்கஸ் கலைஞரான தந்தை, சீட்டு வித்தை கற்பிக்கும்போது மூன்று வயதுக் குழந்தையின் எண் நினைவைக் கண்டறிந்தார். ஆறாம் வயதில் அக்குழந்தை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணக்குகளைச் செய்து காட்டிற்று. அன்று முதல் இடைவிடாது எண்களோடு பழகிய மனம் அது. 6,16,29,875 என்பதைக் கண்டதும், மற்றவர் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டாமல் படிப்பதுபோல, அம்மனம் 395 என்று படித்தது.

உண்மையில் அவருடைய பெருஞ்செயலைக் காண விரும்புவோர் 201 இலக்க எண்ணை விடுத்து, 26 இலக்க எண் ஒன்றை நோக்கவேண்டும். 1980 ஜூன் 18 அன்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணிப்பொறித் துறை, மனம்போனபடி தேர்ந்தெடுத்த பதின்மூன்று இலக்க எண்கள் இரண்டை அவரிடம் அளித்தது: 7686369774870, 2465099745779. இவற்றைப் பெருக்கவேண்டும். இங்குக் குறுக்குவழி ஏதும் இல்லை. விடை இதுவாகவே இருக்கும் என்று முன்கூட்டியே சுருக்கித் தரும் உறுதிமொழியும் இல்லை. விடையின் முதல் சில இலக்கங்களையும் கடைசி சில இலக்கங்களையும் எளிதில் காணலாம். 30-இல் முடியும் என்பதை 70-ஐயும் 79-ஐயும் பெருக்கியே கூறிவிடலாம். ஆனால் நடு இலக்கங்களை ஒதுக்க இயலாது. ஒற்றை இலக்கப் பெருக்கல்கள் 169 செய்யவேண்டும். நடுவரிசையில் மட்டும் பதின்மூன்று பெருக்குத்தொகைகளைக் கூட்டி, வலப்புறத்திலிருந்து வரும் மிகுதியையும் அதனோடு சேர்த்து, இடப்புறத்திற்கு ஒரு மிகுதியை அனுப்பவேண்டும். இவ்வரிசைகளுள் ஒன்றில் தவறினால் விடை முழுவதும் தவறு.

28 விநாடிகளில் அவர் கூறிய விடை 18947668177995426462773730. அந்நேரத்தில் விடையை வாயால் சொல்லிய நேரமும் அடக்கம். 1982-ஆம் ஆண்டின் கின்னஸ் நூல் இதனைப் பதிவு செய்தது.

இவ்விடையை ஒன்பதால் சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முதல் எண்ணின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 78; அதனை மீண்டும் கூட்டினால் 15, பின்னர் 6. இரண்டாம் எண்ணுக்கு 74, பின்னர் 11, பின்னர் 2. ஆறும் இரண்டும் பெருக்க 12. அது 3 ஆகும். விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 138, பின்னர் 12, அதுவும் 3.